உறக்கமும் வணக்கமே

நபித்தோழர்கள் இருவர் யமன் நாட்டில் ஆளுக்கொரு பகுதியின் பொறுப்பை ஏற்றிருந்தார்கள். ஒருவர் அபூ மூஸா அல் அஷ்அரீ, இன்னொருவர் முஆத் பின் ஜபல். தத்தம் பகுதியைச் சுற்றி வரும்போது மற்றவரின் இருப்பிடம் பக்கத்தில் இருந்தால், எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அப்படி ஒருநாள் சந்தித்தபோது பேச்சு குர்ஆன் ஓதுவதைப் பற்றித் திரும்பியது. நின்றபடியும் உட்கார்ந்தபடியும் பயணத்தில் வாகனத்தின் மேல் இருந்தபடியும் விட்டுவிட்டு ஓதிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார் அபூ மூஸா. அவர் திருப்பிக் கேட்டபோது முஆத் வேறு மாதிரி பதில் சொன்னார். முன்னிரவில் தூங்கிவிடுவாராம். உடம்புக்கு வேண்டிய ஓய்வு கிடைத்ததும் எழுந்து, முடிந்த அளவு ஓதுவாராம். எழுந்து நின்று வணங்கும் நேரத்துக்கு இறைவனிடம் என்ன நன்மையை எதிர்பார்க்கிறாரோ, அதே நன்மையைத் தூங்கிய நேரத்துக்கும் எதிர்பார்ப்பதாகச் சொன்னார்.

தூக்கத்துக்கு நன்மையா? கேட்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய பதில் இது. ஆடு மாடும்தான் தூங்குகின்றன. ஆனால் முஆத் சோம்பலுக்குப் பாராட்டுத் தேடவில்லை. பின்னிரவில் எழுந்து நிற்கும் தெம்பு வேண்டும் என்பதற்காகத்தான் அவர் முன்னிரவில் படுத்தார். எதற்காகப் படுத்தாரோ அந்த நோக்கம் தூக்கத்தின் மேலும் படர்ந்துவிட்டது. ஸஹீஹ் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கும் இந்தச் சிறிய உரையாடலில், அன்றாட வாழ்க்கையை வணக்கமாகப் பார்க்கும் இஸ்லாமியப் பார்வை முழுவதும் இருக்கிறது.

அந்தப் பார்வையின் ஆணிவேர் நிய்யத். மனத்தில் கொள்ளும் நோக்கத்தைத்தான் முஸ்லிம்கள் அப்படிச் சொல்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் இமாம் புகாரி தம் ஹதீஸ் தொகுப்பை உருவாக்கியபோது, செயல்கள் எல்லாம் நோக்கத்தைப் பொறுத்தே அமைகின்றன என்ற கருத்துள்ள நபிமொழியை முதலாவதாக வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் சிரியாவின் நவா ஊரைச் சேர்ந்த இமாம் நவவி தொகுத்த புகழ்பெற்ற நாற்பது ஹதீஸ்களிலும் அதுவே முதல். அந்த நபிமொழி எடுத்துக்காட்டும் செயல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு மேற்கொண்ட ஹிஜ்ரத் பயணம். இறைவனுக்காகப் புறப்பட்டவரும் உண்டு. உலக ஆதாயத்தை நாடியோ ஒரு பெண்ணை மணக்க விரும்பியோ புறப்பட்டவரும் உண்டு. இருவரும் கடந்தது ஒரே பாலைவனம், பட்டது ஒரே வெயில். ஆனால் அவரவர் எதை நாடிப் போனாரோ அதுவே அவரவருக்குக் கிடைத்தது.

இது உபதேசத்தோடு நின்றுவிடுவதில்லை. மார்க்கச் சட்டத்துக்குள்ளும் நுழைகிறது. விடியலிலிருந்து அந்தி வரை ஒருவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்றாலும், நோன்பு நோற்கும் எண்ணம் இல்லாவிட்டால் அது நோன்பு ஆகாது. அவர் பசியோடு இருந்தார், அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ரமலான் இரவுத் தொழுகை முடிந்ததும் மறுநாள் நோன்புக்கான நிய்யத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுப்பதைக் கேட்கலாம். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளுவை எடுத்துக்கொண்டால், நோக்கம் இல்லாமல் கழுவியது ஒளுவாகவே ஆகாது என்பது காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பரவலாக இருக்கும் ஷாஃபி சட்டப் பிரிவின் வழி. இன்னொரு சட்டப் பிரிவான ஹனஃபி வழியினர், நோக்கம் இல்லாவிட்டாலும் ஒளு கூடிவிடும், ஆனால் வணக்கத்துக்குரிய நன்மை கிடைக்காது என்பார்கள். இரு தரப்புக்கும் தண்ணீர் ஒன்றுதான், கழுவும் உறுப்புகளும் அவையேதான். வெயிலுக்கு இதமாக முகம் கழுவியவரையும் தொழுகைக்காகக் கழுவியவரையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

செய்தாலும் செய்யாவிட்டாலும் குற்றமில்லாத காரியங்களை, அதாவது உண்பது, உறங்குவது, சம்பாதிப்பது, பிள்ளைகளோடு விளையாடுவது போன்றவற்றை, இஸ்லாமியச் சட்டம் ‘முபாஹ்’ என்று தனி வகையில் வைக்கிறது. நம் நாளில் பெரும்பகுதி இந்த வகையிலேயே கழிகிறது. நிய்யத் சேர்ந்தால் இவை நன்மைக் கணக்குக்குப் போகும் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து.

மதத்தில் தீவிரமாக இருப்பவருக்கு இது அவ்வளவு எளிதில் பிடிபடாது. வீட்டையும் சாப்பாட்டையும் உதறிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் பக்தி என்று தோன்றும். நபித்தோழர் அபூ தர்தாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவருக்குச் சகோதரராக நபிகள் நாயகம் இணைத்துவைத்தவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான். ஒருநாள் ஸல்மான் அவர் வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்காரம்மா உம்மு தர்தா அழுக்கும் கசங்கலுமான உடையில் இருந்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. ஒரு மனைவியின் மனக்குறை முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

அபூ தர்தா வந்து விருந்தாளிக்குச் சாப்பாடு எடுத்துவைத்தார். தனக்கு நோன்பு என்றார். நீங்கள் சாப்பிடாமல் நான் கைவைக்க மாட்டேன் என்று ஸல்மான் பிடிவாதமாக இருக்கவே, நோன்பை விட்டுவிட்டுச் சாப்பிட்டார். இரவானதும் தொழ எழுந்தார். ஸல்மான் தூங்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தார். மறுபடியும் தூங்கச் சொன்னார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் ஸல்மானே எழுப்பிவிட, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு ஸல்மான் காரணத்தைச் சொன்னார். இறைவனுக்கு உன் மேல் உரிமை உண்டு, உன் உடலுக்கும் உண்டு, உன் வீட்டாருக்கும் உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடு என்பது அதன் சாரம். விஷயம் நபிகள் நாயகத்திடம் போனபோது, ஸல்மான் சொன்னது சரிதான் என்று அவர் முடித்துவிட்டார்.

ஏழைகளின் கேள்வி ஒன்றும் உண்டு. வசதி படைத்தவர்கள் எங்களைப் போலவே தொழுகிறார்கள், நோன்பு வைக்கிறார்கள். அதற்கு மேல் தான தர்மமும் செய்து நன்மையை அள்ளிக்கொள்கிறார்களே, எங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் முறையிட்டார்கள். இறைவனைத் துதிக்கும் ஒவ்வொரு சொல்லும் தர்மம், நல்லதைச் சொல்வதும் தர்மம், தீயதைத் தடுப்பதும் தர்மம் என்று நபிகள் நாயகம் அடுக்கிக்கொண்டே போய், கணவன் மனைவியின் தாம்பத்தியமும் தர்மம் என்றார். அவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆசையைத் தீர்த்துக்கொள்வதற்கும் நன்மையா என்று கேட்டார்கள். அதையே தகாத வழியில் தீர்த்திருந்தால் பாவம் சேர்ந்திருக்கும் அல்லவா, அப்படியானால் நேரான வழியில் தீர்த்ததற்கு நன்மை சேரும் என்பது பதில். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள செய்தி இது. பணம் இருப்பவருக்கு மட்டும் திறந்திருந்ததாகத் தோன்றிய ஒரு கதவு, இந்தப் பதிலால் கைவசம் எதுவும் இல்லாதவருக்கும் திறந்துவிட்டது. அன்றாடச் செயலை வணக்கமாக்கும் சிந்தனையின் மிகப் பெரிய பெருமை இதுதான்.

பணம் இருந்த நபித்தோழர் ஸஃது பின் அபீ வக்காஸ் கதை இதற்கு மறுபக்கம். மக்காவில் கடும் நோயில் படுத்திருந்தவர், தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைக்க விரும்பினார். வாரிசாக ஒரே ஒரு மகள். நபிகள் நாயகம் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போதும், அதுவே அதிகம் என்றார். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச்செல்வது மேல் என்றார். இறைவனின் பொருத்தத்தை நாடிச் செய்யும் எந்தச் செலவுக்கும் நன்மை உண்டு. மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் உண்டு என்று சேர்த்துக்கொண்டார். பெரிய அறக்கொடை பற்றித் தொடங்கிய பேச்சு, ஒரு பிடிச் சோற்றில் வந்து முடிகிறது.

இப்படிச் சின்னச் சின்னச் செயல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஹதீஸ்களின் தனிக் குணம். இறைநம்பிக்கைக்கு அறுபது எழுபது கிளைகளுக்கு மேல் உண்டு என்றும், இறைவன் ஒருவனே என்ற சாட்சி அவற்றில் உச்சியில் இருக்கிறது என்றும், பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது கடைசிக் கிளை என்றும் ஒரு செய்தி உண்டு. கடைசி என்றாலும் அதுவும் அதே மரத்தின் கிளைதான். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை கொத்தித் தின்றாலும் நட்டவருக்கு அது தர்மம். தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைப் பார்த்த வழிப்போக்கரின் கதையும் தெரிந்ததே. அவர் கிணற்றுக்குள் மறுபடியும் இறங்கினார். தோலால் ஆன காலுறையில் தண்ணீரை மொண்டார். ஏறிவர இரண்டு கையும் வேண்டுமே! காலுறையைப் பல்லால் கவ்விக்கொண்டு ஏறிவந்து நாய்க்குப் புகட்டினார். அவர் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்பது நபிமொழி. அந்தப் பற்களைப் பற்றிய விவரம் இல்லாவிட்டால் கதையில் பாதி போய்விடும். ஜீவகாருண்யம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்திருப்போம்.

இந்தச் செய்திகளையெல்லாம் சேர்த்து ஒரு வாழ்க்கை முறையாக வகுத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இமாம் கஸ்ஸாலி. பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058இல் பிறந்தவர். பாக்தாத் நிஸாமிய்யா கல்லூரியில் பேராசிரியர் பதவியும் பெரும் புகழும் கைகூடியிருந்த நிலையில், 1095இல் அத்தனையையும் விட்டுவிட்டுக் கிளம்பியவர். தாம் பாடம் சொல்லிக்கொடுப்பது இறைவனுக்காகவா, பேர் வாங்குவதற்காகவா என்ற கேள்வி அவரை அரித்தது. நிய்யத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் சொந்த அனுபவத்தில் புடம்போட்டு எடுத்தது. அவருடைய இஹ்யா உலூமுத்தீன் நான்கு பாகங்களாக அமைந்த பெருநூல். முதல் பாகம் தொழுகை, நோன்பு முதலிய வணக்கங்களைப் பேசுகிறது. இரண்டாவது பாகம் முழுக்க அன்றாட வாழ்க்கை. அதன் முதல் நூல் சாப்பிடும் ஒழுங்குமுறை, அடுத்து இல்லறம், அதற்கடுத்து சம்பாத்தியம். மார்க்க நூலில் சமையலறைக்கும் சந்தைக்கும் கால் பங்கு இடம் கொடுத்தவர் அவர்.

நறுமணத்தைப் பற்றி கஸ்ஸாலி எழுதுவது சுவையானது. வெள்ளிக்கிழமை ஒருவர் அத்தர் பூசிக்கொள்கிறார். தன் வசதியைக் காட்டிக்கொள்ளவும் பூசலாம், பிற பெண்களை ஈர்க்கவும் பூசலாம். நபிவழி என்பதற்காகவும் பூசலாம், பள்ளிவாசலின் கண்ணியத்துக்காகவும் பக்கத்தில் உட்காருபவருக்கு வியர்வை நாற்றம் தொந்தரவாக இருக்கக்கூடாது என்பதற்காகவும் பூசலாம். ஒரே குப்பி, ஒரே மணம். முதல் வகை பாவத்தில் சேரும், அடுத்த வகை நன்மையில் சேரும் என்கிறார்.

அவர் இரண்டு எல்லைகளையும் கறாராக வரைகிறார். தவறான காரியத்தை நல்ல நோக்கம் நல்லதாக்கிவிடாது. பிறர் சொத்தை எடுத்து ஏழைக்குச் சோறு போடுவதும், முறைகேடான பணத்தில் பள்ளிவாசல் கட்டுவதும் நிய்யத்தால் தூய்மை அடையா. இரண்டாவது எல்லை இன்னும் நுட்பமானது. நோக்கம் கொண்டேன் என்று வாயால் சொல்லிவிட்டால் நோக்கம் வந்துவிடாது. வயிறு நிறைந்தவன் எனக்குப் பசிக்கட்டும் என்று தீர்மானித்துக்கொள்வதைப் போன்றது அது என்கிறார். உள்ளம் உண்மையில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் நிய்யத். தன்னைத்தானே வற்புறுத்திக்கூட அதை வரவழைக்க முடியாது.

எல்லாமே வணக்கம் என்றால் தொழுகை எதற்கு, உழைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. குர்ஆன் அந்த வழியில் போகவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையச் சொல்கிறது 62ஆம் அத்தியாயம். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடிக்கொள்ளச் சொல்கிறது அடுத்த வசனம். எனவே வெள்ளிக்கிழமை முழு ஓய்வு நாள் அல்ல. மதியம் இறக்கிய கடைக் கதவைத் தொழுகை முடிந்ததும் ஏற்றலாம். ஹஜ் காலத்திலும் அப்படியே. இஸ்லாத்துக்கு முன்பு உக்காள், மஜன்னா, துல்மஜாஸ் என்ற சந்தைகள் அந்தப் பருவத்தில் களைகட்டும். புனிதப் பயணத்தில் வாங்கி விற்பது தப்போ என்று முஸ்லிம்கள் தயங்கியபோது, அதில் குற்றமில்லை என்ற வசனம் வந்ததாக நபித்தோழர் இப்னு அப்பாஸ் விளக்குகிறார்.

இஸ்லாத்துக்கு வெளியே இதே எண்ணத்தைத் தேடிப் போனால் அது பெரும்பாலும் அடுப்படியில்தான் அகப்படுகிறது. ஐரோப்பாவில் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில், மடத்தின் பாத்திர பண்டங்களைப் பீடத்தில் வைக்கும் திருப்பாத்திரங்களாகவே கருத வேண்டும் என்று பண்டகசாலைப் பொறுப்பாளருக்குச் சொல்கிறார். சமையல் வேலை வாரமுறை வைத்து எல்லாருக்கும் வரும். நோயாளியும் மிக முக்கியமான வேலையில் இருப்பவரும் மட்டும் விதிவிலக்கு. வாரம் முடியும் சனிக்கிழமை, துறவிகள் கை கால் துடைத்த துண்டுகளை முறை முடிப்பவர் துவைக்க வேண்டும். முறை முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து மற்ற எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சேதமில்லாமல் தேய்த்துக் கழுவித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். படித்தால் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கான வேலைப் பட்டியல் மாதிரிதான் இருக்கும். அதை ஆன்மிக நூலுக்குள் வைத்ததில்தான் பெனடிக்டின் மேதைமை இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சமையல் செய்த சகோதரர் லாரன்ஸ், போரில் காயப்பட்டு நொண்டி நடந்த முன்னாள் படைவீரர். இயல்பில் அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையைப் பதினைந்து ஆண்டுகள், வாணலியில் முட்டை ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூட இறையன்புக்காகவே செய்ததாக அவருடைய நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் எழுதிய கடிதங்களும் அவரோடு நடந்த உரையாடல்களும், 1691இல் அவர் மறைந்த பிறகு தொகுக்கப்பட்டு இன்றுவரை படிக்கப்படுகின்றன.

ஜப்பானின் ஸென் குரு தோகென் இளந்துறவியாக 1223இல் சீனா சென்றார். அங்கே தியாந்தோங் மடத்தில் மதிய வெயிலில் ஒரு கிழவரைப் பார்த்தார். கையில் மூங்கில் கோல், தலையில் தொப்பிகூட இல்லை. தரை கொதிக்க, வியர்வை வழிய, வில்லாக வளைந்த முதுகோடு, சமையலுக்கான பொருள்களைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். மடத்தின் தலைமைச் சமையல்காரர். வயது 68. இந்த வேலைக்கு உதவியாளரை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தோகென் கேட்டார். அவர்கள் நான் ஆக மாட்டார்களே என்றார் கிழவர். இந்த வெயிலில் ஏன் என்றதற்கு, வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தோகென் வாயடைத்துப் போனார். ஊர் திரும்பி 1237இல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியில் கல் பொறுக்குவது, களைவது, ஒரு மணியும் வீணாகாமல் பார்ப்பது எல்லாம் அதில் தியானத்துக்கு நிகரான பயிற்சிகள்.

யூத மரபு இன்னும் ஒருபடி இறங்கி, கழிப்பறைவரை வருகிறது. நாளொன்றுக்கு நூறு முறை இறைவனைப் போற்ற வேண்டும் என்பது தல்மூத் காலத்து நியமம். கழிப்பறையிலிருந்து வெளியே வந்து கை கழுவியதும் சொல்ல வேண்டிய போற்றுதலும் அவற்றில் உண்டு. உடம்பின் துவாரங்கள் அடைபடாமல் ஒழுங்காக வேலை செய்வதற்கு நன்றி சொல்வது அதன் பொருள். சிறுநீர் அடைத்துக்கொண்டு மருத்துவமனையில் துடித்தவர்களுக்கு இந்த நன்றியின் அருமை தெரியும். முஸ்லிம்களும் கழிப்பறைக்குள் இடது காலை முதலில் வைத்து நுழைகிறார்கள், வலது காலை வைத்து வெளியே வருகிறார்கள். இரண்டு நேரத்துக்கும் துஆ எனும் பிரார்த்தனை உண்டு.

12ஆம் நூற்றாண்டுக் கர்நாடகத்தில் பசவண்ணரைச் சுற்றி எழுந்த சரணர் இயக்கம் உழைப்பையே கைலாசமாகப் பார்த்தது. படகோட்டியும் சலவைத் தொழிலாளியும் அங்கே ஞானிகளாக, வசனக் கவிஞர்களாக மதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு தம்பதி மாரய்யா, லக்கம்மா. சிந்திய அரிசியைப் பொறுக்கிச் சேர்ப்பது மாரய்யாவின் தொழில். ஒருநாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தார். லக்கம்மாவுக்குக் கோபம். நமக்கு ஏன் இந்தப் பேராசை, தேவைக்கு மேல் இருப்பதை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். செய்யும் வேலை வணக்கம் என்றால் அதற்கு அளவும் உண்டு என்பதை, அந்த இயக்கத்தின் ஆண்கள் பலரைவிட அவர் தெளிவாகப் பார்த்தார்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் லங்கர் எனும் பொதுச் சமையற்கூடத்தின் அடுப்பு இரவு பகலாக எரிகிறது. சாதாரண நாள்களிலேயே 50,000 பேருக்கு மேல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பூண்டு உரிப்பதும் ரொட்டி தேய்ப்பதும் தட்டுக் கழுவுவதும் வாசலில் பிறர் செருப்பைத் துடைத்து வைப்பதும் சேவை. வருபவர் எவரும் அதில் கைகொடுக்கலாம். அங்கே அதே வேலை பரிகாரமாகவும் விதிக்கப்படும். 2024 டிசம்பரில் பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதலுக்கு, சீக்கியர்களின் உயர் மத பீடமான அகால் தக்த் பாத்திரம் கழுவுவதைப் பரிகாரமாக விதித்தது. பக்கத்தில் விரும்பி வந்து கழுவுபவர் கையில் இருப்பதும் அதே தட்டுதான்.

அப்படியானால் ஒரு வேலையை வணக்கம் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? நிய்யத் செய்பவரின் உள்ளத்தில் இருப்பது. அவர் சார்பில் இன்னொருவர் அதை வைத்துக்கொள்ள முடியாது. கஸ்ஸாலியும் தியாந்தோங் கிழவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். வேலையின் பலனை அனுபவிப்பவர், செய்பவரைப் பார்த்து உன் வேலை புனிதமானது என்று சொல்லத் தொடங்கும் இடத்தில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது.

தமிழர்களுக்கு இதை நந்தனார் கதையே சொல்லும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் அதைத் தொண்டாகவே செய்தார், அதில் சந்தேகமில்லை. கோயிலும் அவர் கொடுத்ததை ஏற்றுக்கொண்டது. அவரை மட்டும் வாசலிலேயே நிறுத்தியது. அவர் தந்த தோலில் எழுந்த ஒலி கருவறைவரை போயிற்று.

1936 நவம்பரில் காந்தி தம் ஹரிஜன் இதழில் லட்சியத் துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி எழுதினார். குழந்தையின் அழுக்கைச் சுத்தம் செய்யும் தாயோடு அந்தத் தொழிலாளியை ஒப்பிட்டார். காந்தி தாமே கழிப்பறை கழுவியவர், ஆசிரமத்தில் எல்லாரையும் கழுவ வைத்தவர். அவர் எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறப்பால் அந்த வேலையில் தள்ளப்பட்டவரிடம் அதன் உயர்வைப் பேசுவது கொடுமை என்று, 1945இல் வெளிவந்த தம் நூலில் அம்பேத்கர் கடுமையாகக் கண்டித்தார். காந்தியின் கையில் துடைப்பம் வந்தது அவர் தேர்ந்தெடுத்ததால். மற்றவருக்கு வேண்டாம் என்று கீழே வைக்கும் உரிமையே இல்லை. இந்த விவாதத்தில் நியாயம் அம்பேத்கர் பக்கமே இருக்கிறது. 1948இல் வெளிவந்த தம் இன்னொரு நூலை அவர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா என்ற மூன்று அடியார்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பக்தியை அவர் இழிவாக நினைக்கவில்லை. பக்தியைக் காட்டி மறைக்கப்பட்ட அநீதியைத்தான் எதிர்த்தார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்த பிறகும், சாக்கடைக் குழிக்குள் மனிதர்கள் இறங்கி விஷவாயுவில் சாகிறார்கள். அந்த வேலையைத் தியாகம் என்றும் தொண்டு என்றும் புகழ்ந்து பேசும் மேடைகளைவிட, அவர்களுக்கு இயந்திரம்தான் தேவை.

நபிமொழிகளில் உழைப்பவரிடம் பேசும் பகுதியோடு, உழைப்பு வாங்குபவரிடம் பேசும் பகுதியும் இருக்கிறது. வேலை செய்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக, மறுமையில் இறைவனே வழக்காடுவான். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்குக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலை கொடுத்தால் நீங்களும் கூட நின்று கைகொடுங்கள் என்பதும் உண்டு. கூலியைக் குறைத்துவிட்டு உழைப்பின் புனிதத்தைப் பேச அங்கே இடமில்லை.

வீட்டு வேலைக்கும் இதுவே பொருந்தும். சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் பெண்ணுக்கு வணக்கம் என்று பிரசங்கத்தில் சொல்லப்படும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்கள் அந்த வணக்கத்தில் தங்களுக்கும் பங்கு உண்டா என்று கேட்டாக வேண்டும். 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய மார்ட்டின் லூதர் இதைக் கேட்டார். ஒரு தகப்பன் குழந்தையின் மலத்துணியைத் துவைக்கும்போது ஊரார் அவனைப் பெண்பிள்ளை என்று கேலி செய்யலாம். ஆனால் அவன் அதை நம்பிக்கையோடு செய்தால் கடவுளும் வானதூதர்களும் அவனைப் பார்த்து மகிழ்கிறார்கள் என்று எழுதினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் கேலிக்கு ஆளான அந்தத் தகப்பனுக்கு நம் ஊர்த் தெருக்களில் இன்னும் கேலி மிச்சமிருக்கிறது.

நபிகள் நாயகம் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார் என்று அவர் மனைவி ஆயிஷா அம்மையாரிடம் பிற்காலத்தில் கேட்டார்கள். இரவு வணக்கத்தையோ துதிகளையோ பற்றிக் கேட்க எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அவர் சொன்னவை வேறு. தம் துணியைத் தாமே தைத்துக்கொள்வார், செருப்பைச் செப்பனிடுவார், ஆட்டில் பால் கறப்பார், வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார். தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போய்விடுவார்.